சாய்க்கக் கூடாத தலை

சுவருக்கு அந்தப் பக்கம் அது உறும ஆரம்பித்ததும் ஜாபேஸின் கையிலிருந்த டீ கிளாஸ் நடுங்கியது.

அதிர்வால் அல்ல. இடையில் இருந்தது நல்ல கெட்டிச் சுவர்.

"என்னங்க, நெஞ்சப் பிடிச்சிட்டு நிக்கீங்க? கேஸ் டிரபிளா?" என்றாள் சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வந்த அவன் மனைவி ஜெனிலா.

"செந்திலு."

"அது கேஸ விட மோசம்லா" என்றபடி அவள் தூக்கை மேஜையில் வைத்தாள்.

மாப்பிள்ளையூரணி விலக்கைத் தாண்டினால் கடலோரப் பொறியியல் பொதுவசதி மையத்துக்குச் சொந்தமான ஷெட்டுகள் வரிசையாக இருக்கும். அதில் இரண்டு ஷெட்டுக்கு நடுச்சுவர் ஒன்று. இந்தப் பக்கம் ஜாபேஸ் இன்ஜினியரிங். அந்தப் பக்கம் செந்தில்முருகன் இன்ஜினியரிங். துறைமுக ஏலத்தில் ஜோடியாக எடுத்த, இரும்பைச் சீவி வெட்டுகிற மில்லிங் மெஷின்கள், பக்கத்துக்கு ஒன்று. செந்தில் தன் மெஷினுக்குப் பச்சை பெயின்ட் அடித்தால், ஜாபேஸ் அடுத்த வாரமே அதைவிடக் கொஞ்சம் அதிகப் பச்சையாக அடிப்பான். திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்களுக்குச் செந்தில் மோர் கொடுத்தால், தன் சபையார் என்ன நினைத்தாலும் சரி என்று ஜாபேஸ் ரோஸ்மில்க் கொடுப்பான். இப்படி இருவரும் சமமாக முன்னேறிக்கொண்டிருந்த நேரத்தில்தான் மையம் அந்தத் தலையை வாங்கியது.

மில்லிங் மெஷினின் நெற்றியில் மாட்டுகிற தனித் தலை அது. தனக்கென்று சொந்த மோட்டார் உண்டு. இடமும் வலமும் வேண்டிய அளவுக்குச் சாயும். இரும்பைச் சாய்வாக வெட்ட வேண்டுமானால் இரும்புக்கு அடியில் தகடு கொடுத்து மல்லுக்கட்ட வேண்டாம், தலையைச் சாய்த்தால் போதும். உறுப்பினர்கள் எல்லோருக்கும் பொதுவாக மையம் ஒன்றே ஒன்று வாங்கியது. அந்த ஒன்று முதலில் செந்திலுக்குப் போனது.

அன்றிலிருந்து செந்தில் பழைய செந்தில் இல்லை. மெஷினை வாசலைப் பார்க்க நகர்த்திப் போட்டான். தலைக்குச் சாமந்தி மாலை போட்டான். ரோட்டில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு மோட்டாரைப் போட்டுக் காட்டினான். "ஏலே ஜாபேசு, நீயும் வந்து பாருலே! பாக்கதுக்குத் துட்டு கேக்க மாட்டேன்!" என்று சுவர் வழியே தினமும் கத்தினான்.

ஜாபேஸ் போகவில்லை. காதை மட்டும் சுவரில் வைத்தான்.

*

தொம்மை அண்ணன் வந்தபோதும் காது சுவரில்தான் இருந்தது.

தொம்மை அண்ணனுக்குச் சொந்தமாக விசைப்படகு உண்டு. பெயர் 'தஸ்நேவிஸ்'. அவர் எந்தப் பட்டறைக்குப் போகிறாரோ அங்கேதான் அவர் மச்சான் போவார், மச்சானின் சகலை போவார், மீன்பிடித் துறைமுகத்தில் பாதி வரிசை போகும். இத்தனை வருஷமும் அந்த வரிசை ஜாபேஸ் வாசலில்தான் நின்றது. அவன் பட்டறை ஓடியது அதனால்தான்.

அண்ணன் சாக்குப் பையிலிருந்து ஒரு கனத்த வளையத்தை எடுத்து மேஜையில் வைத்தார். வலை இழுக்கிற விஞ்சின் கிளச். சுற்றிலும் சாய்வான பற்கள். எல்லாம் மழுங்கிப் போயிருந்தன.

"வல பாதி ஏறும்போது வழுக்கி வழுக்கி விடுது. புதுசா ஒன்னு வெட்டிக் குடு. மீன்பிடித் தடைக்காலம் முடியப் போவுது. எல்லாப் போட்டும் பெயின்ட் அடிச்சாச்சு, ஐஸ் சொல்லியாச்சு. என் போட்டு மட்டும் கல்யாண வீட்டுல பல்செட்டத் தொலைச்சவன் மாதிரி நிக்கி."

"வெட்டிருவோம் அண்ணே."

"போன தடவ வெட்டுனியே, அதே மாதிரி."

போன தடவை ஜாபேஸ் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸுக்கு அடியில் தகடு கொடுத்து, வளையத்தைச் சாய்த்துக் கட்டி, ஒரே மூச்சில் வெட்டிக் கொடுத்திருந்தான். இந்தத் தடவையும் அப்படியே செய்திருந்தால் இந்தக் கதை இந்த இடத்தில் முடிந்திருக்கும்.

சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் உறுமியது. தொம்மை அண்ணன் தலையைத் திருப்பினார்.

"அங்கன என்னமோ புதுச் சாமான் வந்திருக்காம்லா?"

மேல்வயிற்றில் தீக்குச்சி உரசியதைப் போல இருந்தது ஜாபேஸுக்கு.

"எனக்கும் வருது அண்ணே. அதுல வெட்டுனா பல்லு கண்ணாடி மாதிரி இருக்கும். தகடு வச்சு வெட்டுத காலமெல்லாம் மலையேறிட்டு."

"எப்ப வரும்?"

"இந்தா, இப்பவே போறேன்" என்று ஜாபேஸ் பைக் சாவியை எடுத்தான்.

*

மையத்தில் அன்று 'சாய்வு விழிப்புணர்வு முகாம்' நடந்துகொண்டிருந்தது. அதில் கலந்துகொள்ளாமல் யாரும் எதையும் கேட்க முடியாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். ஜாபேஸ் கடைசி வரிசையில் உட்கார்ந்தான்.

மேடையில் இயக்குநர் சங்கரபாண்டியன். பொறியியலில் பெரிய படிப்பு. சஃபாரி சூட்டில் எண்ணெய்க் கறை படாமலே ஓய்வு பெறப் போகிறவர்.

"உறுப்பினர்களே! இந்தத் தலைக்கு இருக்கும் சாயும் திறன் சாதாரணமானதல்ல. அது ஒரு பொதுச்சொத்து. பொதுச்சொத்தைப் பாதுகாப்பது நம் கடமை. ஆளாளுக்குச் சாய்த்தால் என்ன ஆகும்? சாயும் திறன் தேய்ந்துபோகும். நாளைய தலைமுறை சாய்க்க விரும்பினால் அவர்களுக்கு எதை மிச்சம் வைப்போம்? ஆகவே, இந்தத் தலை நம் மையத்தின் பொறுப்பில் இருக்கும்வரை, ஒரு டிகிரிகூடச் சாயாமல் நேராகவே இருக்கும் என்று நான் உறுதியளிக்கிறேன்!"

பலத்த கைதட்டல்.

ஜாபேஸும் தட்டினான். ஆனால் ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. முன்வரிசையில், குஷன் வைத்த நாற்காலியில், தோளில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தான் செந்தில். சரிகை எத்தனை விரல் அகலம் என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருந்த ஒருவனுக்கு மேடையில் பேசுவது எப்படிக் கேட்கும்?

முகாம் முடிந்ததும் அவனைத் தேவை மதிப்பீட்டுப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஷெர்லி மேடம்.

"உங்க தேவை என்ன சார்?"

"போட்டு விஞ்சுக்குக் கிளச் வெட்டணும் மேடம். சாய்வுப் பல்லு. தடைக்காலம் முடியதுக்குள்ள..."

"அது வேலை சார். நான் தேவையக் கேட்டேன்."

"ரெண்டும் ஒன்னுதான மேடம்?"

ஷெர்லி மேடம் பேனாவைக் கீழே வைத்தார். இதே கேள்வியைப் பலரிடம் கேட்டு அலுத்த முகம். "வேலைக்காகக் கேக்குறவங்க வேலை முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துருவாங்க சார். அதை வச்சு ஒரு திட்டத்த நடத்த முடியுமா? சரி, பக்கத்துப் பட்டறையில அது ஓடும்போது உங்களுக்கு எங்க வலிக்குது?"

ஜாபேஸ் திகைத்தான். அவன் கை தானாக மேல்வயிற்றுக்குப் போனது. "இங்கன."

"குத்தலா, எரிச்சலா?"

"எரிச்சல்."

"சாப்பிடறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"சாப்பாடே இறங்கலை மேடம்."

ஷெர்லி மேடம் முதல் முறையாகச் சிரித்தார். "இத முதல்லயே சொல்ல வேண்டியதுதான! சார், நல்ல கேஸ் ஒன்னு வந்திருக்கு" என்று உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

உள்ளறையிலிருந்து இயக்குநரே எழுந்து வந்துவிட்டார். ஜாபேஸின் தோளில் கை போட்டார்.

"தம்பி, எங்கள் அணுகுமுறையைப் புரிந்துகொள்ளுங்கள். பட்டறைக்கு ஒன்று வாங்கவும் நிதி இருந்தது. வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு போய் வேலை பார்த்திருப்பீர்கள். இந்த மையத்தின் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒன்று வாங்கினோம். இப்போது பாருங்கள், வராந்தாவில் உட்கார இடமில்லை. வளர்ச்சி என்பது இதுதான்."

ஜாபேஸ் தலையாட்டினான். உண்மையிலேயே வராந்தாவில் இடமில்லை.

*

அடுத்து கள ஆய்வு.

இயக்குநரும் ஷெர்லி மேடமும் பட்டறைக்கு வந்தார்கள். மில்லிங் மெஷினை யாரும் பார்க்கவில்லை. ஜாபேஸைச் சுவர் ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, அவன் முகத்தைப் பார்த்தார்கள். சொல்லிவைத்ததைப் போல அந்தப் பக்கம் மோட்டார் உறுமியது. கூடவே செந்திலின் குரல்: "அடேயப்பா! என்னா ஓட்டம்! வெண்ணெயில கத்தி போகுத மாதிரில்லா போகுது!"

ஜாபேஸின் இடது கண் துடித்தது.

"சார், துடிக்குது" என்றார் ஷெர்லி மேடம்.

"பார்த்தேன். நடிப்பு இல்லை. இயற்கையான துடிப்பு" என்றார் இயக்குநர், இளநீரை உறிஞ்சிக்கொண்டே.

ஜெனிலா கதவோரம் நின்று இதைப் பார்த்தாள். அவர்கள் போனதும் கேட்டாள்: "அந்தக் கிளச்ச நீங்க எப்பதான் வெட்டப் போறீங்க?"

"வரட்டும்ளா."

"மெஷின் சும்மாதான நிக்கி?"

"ஏளா, செந்திலு சாய்தலையில வெட்டுவான், நான் தகட்ட வச்சுக்கிட்டு உக்காந்திருக்கணுமாக்கும்?"

"செந்தில் அண்ணன் வெட்டுனத நீங்க கண்டீங்களா?"

நல்ல கேள்வி. ஜாபேஸ் அதற்குக் காது கொடுத்திருக்கலாம். அவன் காது சுவரில் இருந்தது.

*

தலை வந்தது.

செந்தில் மெஷினிலிருந்து முந்தின நாளே கழற்றியது, வாழைமரம் கட்டிய வேனில், பட்டுத்துணி சுற்றி வந்தது. பேண்டு வாத்தியம் முன்னால் போக, பின்னால் குடை பிடித்தபடி இயக்குநர் நடந்து வந்தார். போதகர் ஜெபம் செய்தார். பூசாரி சூடம் காட்டினார். ஜாபேஸுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவன் பார்த்த முதல் காரியம், சரிகை செந்திலுடையதைவிட அகலமா என்பதுதான். அரை விரல் அதிகம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

செந்தில் அழுதான். நிஜமாகவே அழுதான். வேன் தன் வாசலைத் தாண்டியதும் ஓடிவந்து ஜாபேஸைக் கட்டிக்கொண்டு, "நல்லா இருலே! நீ நல்லா இருப்ப!" என்று குலுக்கினான். பிறகு திரும்பி ஓடி, தன் மெஷினின் மேஜையைத் தட்டித் தட்டிக் கொடுத்தான்.

'வயிறு எரியுது பாவம்' என்று ஜாபேஸ் நினைத்தான். வாழ்க்கையில் அவன் அனுபவித்த மிக இனிமையான நிமிஷம் அது. அந்த ஒரு நிமிஷம்தான்.

அடுத்த நிமிஷம் மையத்தின் ஆட்கள் அவன் மெஷினில் கட்டர் மாட்டுகிற தண்டைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள்; அது இல்லாமல் மெஷின் எதையும் வெட்டாது. நெற்றியில் தலையை ஏற்றி முறுக்கினார்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்து நேராக நிறுத்தினார்கள். பிறகு எல்லா போல்ட்டிலும் கம்பி கோத்து ஈய சீல் அடித்தார்கள்.

"சார், சீல் அடிச்சா எப்படிச் சாய்க்கது?"

"சாய்ப்பதா?" இயக்குநர் அதிர்ந்தார். "முகாமுக்கு வந்தீர்கள்தானே? கை தட்டினீர்களே! சாய்ப்பதற்குக் கோணக் குழு கூட வேண்டும். குழுத் தலைவர் இடப்பக்கம் சாய்க்கலாம் என்கிறார். துணைத்தலைவர் வலப்பக்கம் என்கிறார். இருவர் மனமும் நோகாமல் நேராக வைத்திருக்கிறோம்."

"சரி, நேராவாவது வெட்டலாமா?"

"வெட்டினால் கட்டர் தேயும் தம்பி. ஷெட் திறந்திருக்கும் நேரமெல்லாம் மோட்டார் ஓட வேண்டும். அதுதான் பயன்பாடு. பயன்பாட்டையும் வேலையையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்."

"செந்திலு வெட்டுனானே சார்!"

"யார் சொன்னது?"

ஜாபேஸ் சுவரைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்ப... திருப்பி எடுத்துக்கிடுங்க சார்."

"தாராளமாக. உங்களைவிடத் தேவை அதிகமாக உள்ள ஒருவர் வரட்டும், அன்றைக்கே எடுத்துக்கொள்கிறோம். அதுவரை சீலில் கை பட்டால் உறுப்பினர் பதவியும் போகும், ஷெட்டும் போகும்." இயக்குநர் அவன் பொன்னாடையைச் சரிசெய்துவிட்டார். "வாழ்த்துகள்."

வேன் போனது. மோட்டார் உறுமியது. அந்த உறுமலுக்கு நடுவே சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. சரக். சரக். சரக்.

இரும்புச் சீவல் விழுகிற சத்தம். செந்தில் வேலை செய்கிறான்!

*

"ஏலே, ஒரு வார்த்த சொல்லியிருக்கப்பிடாதா?" என்று கேட்டான் ஜாபேஸ், செந்திலின் பட்டறைக்குள் நுழைந்த வேகத்திலேயே.

செந்தில் மெஷினை நிறுத்தினான். "சொல்லியிருந்தா நம்பியிருப்பியாலே? செந்திலுக்குப் பொறாமை, எனக்குக் கிடைக்கக் கூடாதுன்னு பாக்கான்னு ஊர் பூரா சொல்லியிருப்ப."

ஜாபேஸ் யோசித்தான். சொல்லியிருப்பான்தான்.

"நீ தினமும் ஒன்னொன்னா வெட்டுத சத்தம் கேக்கும்லா, எனக்கு வயித்துல அமிலம் ஊத்துன மாதிரி இருக்கும்லே. என் வாடிக்கக்காரன் பூரா ஏரல் பட்டறைகளுக்குப் போயிட்டான். நான் மட்டும் பொன்னாடையப் போத்திக்கிட்டு மோட்டார் சத்தம் கேட்டுட்டு உக்காந்திருந்தேன். இதுல இருந்து தப்பிக்க ஒரே வழிதான் உண்டு. இன்னொருத்தன் ஏங்கணும். உன்ன ஏங்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தொண்டையே போயிட்டு."

"அப்ப அந்த வெண்ணெய், கத்தி..."

"சும்மா சொன்னதுலே."

அன்று மத்தியானம் தொம்மை அண்ணன் வந்தார். நேராக நின்று உறுமிக்கொண்டிருந்த தலையைப் பார்த்தார். வெட்டாத வளையத்தைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில போட்டெல்லாம் கிளம்புது தம்பி. சாயங்காலம் வாரேன். அதுக்குள்ள வெட்டலைன்னா சாமான எடுத்துப் பக்கத்துல குடுத்துருவேன். கோவிச்சுக்கப்பிடாது."

அவர் மச்சான், மச்சானின் சகலை, பாதித் துறைமுகம், எல்லாம் ஜாபேஸின் கண்முன்னே வரிசையாகச் சுவரைத் தாண்டிப் போனது.

ஜாபேஸ் ஓடிப்போய்ச் சாமந்தி மாலை வாங்கி வந்தான். தலைக்குப் போட்டான். பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்று கத்தினான்: "அடேயப்பா! என்னா ஓட்டம்!"

எதிர்வரிசையில் சுடலைமாடத்தி அக்காவின் பட்டறை. லேத், மில்லிங், வெல்டிங் எல்லாம் அவள் கையிலேயே. ஜாபேஸின் கண் அவள் மேல்தான் இருந்தது. அவள் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ரோட்டைக் கடந்து வந்தாள்.

"ஓடுது சரி. என்னத்த வெட்டுது?"

"வெண்ணெயில கத்தி போகுத மாதிரி போகும்க்கா!"

"வெண்ணெய் வெட்ட இது எதுக்குடே?" அவள் திரும்பி நடந்தாள்.

சூரியன் உப்பளத்துப் பக்கம் சரிய ஆரம்பித்திருந்தது. எல்லாம் முடிந்தது என்று ஜாபேஸுக்குப் பட்டது. ஒரு மனிதனுக்குப் பொய் எல்லாம் தீர்ந்துபோனால் மிஞ்சுவது ஒன்றுதான். அவன் ஓடிப்போய் அவளை மறித்துக்கொண்டு, மாலையும் பொன்னாடையுமாக, கண்ணீரோடு அதைச் சொல்லிவிட்டான்.

"அக்கா, நான் சும்மா சொன்னேன். அது எதையும் வெட்டாது. சாய்க்கவும் விட மாட்டாங்க. சீல் அடிச்சு வச்சிருக்காங்க. மெஷினையே முடக்கிட்டாங்க. கர்த்தர் மேல ஆணையாச் சொல்லுதேன், அதுக்கு மட்டும் ஆசைப்பட்டுராதீங்க!"

மாடத்தி அக்கா அவனை உற்றுப் பார்த்தாள். மெல்ல அவள் உதடு கோணியது.

"ஓகோ."

"என்னக்கா?"

"இத்தன நாளும் என் வாசல் பக்கம் திரும்பாதவன் அழுதுக்கிட்டு வந்து வேண்டாம்ங்க. அப்ப அதுல என்னமோ இருக்கு. நீங்க ரெண்டு பேரும் சுவருக்கு இங்கிட்டும் அங்கிட்டும் மாத்தி மாத்தி வச்சிக்கிடுவீங்க, பொம்பள கேட்டா மட்டும் வெட்டாதாக்கும்?" அவள் கை மேல்வயிற்றைத் தடவியது. "நல்லா இருக்குடே உங்க நியாயம்!"

அவள் ஸ்கூட்டி சீறிக்கொண்டு மையத்தை நோக்கிப் பறந்தது.

மையத்தின் வரலாற்றிலேயே அவ்வளவு வேகமாக எதுவும் நடந்ததில்லை. 'வைத்திருப்பவரே கண்ணீரோடு தடுத்தார்' என்று கேட்டதும் ஷெர்லி மேடம் கள ஆய்வே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். பொழுது இருக்கும்போதே ஆட்கள் வந்தார்கள், சீலை வெட்டினார்கள், தலையை இறக்கினார்கள், பழைய தண்டைத் திரும்ப மாட்டினார்கள். ஜாபேஸ் அழுதான். பார்த்தவர்கள், பாவம், வயிறு எரியுது என்றார்கள்.

*

தொம்மை அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஜாபேஸ் வைஸுக்கு அடியில் தகடு கொடுத்து, வளையத்தைச் சாய்த்துக் கட்டி, பற்களை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தான். சரக். சரக். சீவல் சுருள் சுருளாக விழுந்தது. வயிற்றில் எரிச்சல் இல்லை. ஜெனிலா வைத்த சோறு முழுவதும் இறங்கியிருந்தது.

"இத அன்னைக்கே செஞ்சிருக்கலாம்லா?" என்றார் அண்ணன்.

"புத்தி வந்துட்டு அண்ணே. இனி அந்தப் பக்கம் தல வச்சுப் படுக்க மாட்டேன்."

கடைசிப் பல். அப்போதுதான் ரோட்டில் பேண்டு வாத்தியம் கேட்டது. ஜாபேஸ் நிமிர்ந்து பார்த்தான். எதிர்வாசலுக்கு வேன் வந்துகொண்டிருந்தது. வேனுக்கு முன்னால் ஒரு பேண்டு. வேனுக்குப் பின்னால்...

அவன் கை மெஷினின் பிடியிலேயே உறைந்தது.

"ஏலே செந்திலு!" என்றான் சுவரைப் பார்த்து.

"சொல்லுலே."

"நமக்கு எத்தன பேண்டு வந்துச்சு?"

"ஒத்த பேண்டு."

"அவளுக்கு?"

"ரெண்டு" என்றான் செந்தில். "மேல ட்ரோன் வேற சுத்துதுலே."

எதிரே மாடத்தி அக்காவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சாயங்கால வெயிலில் சரிகை மின்னியது. ஒரு சாண் அகலம். மோட்டார் உறுமியது.

ஜாபேஸின் இடது கண் துடித்தது.

"தம்பி, கடைசிப் பல்ல வெட்டு" என்றார் தொம்மை அண்ணன்.

வெட்டினான். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே வெட்டினான். சூடு ஆறாத வளையத்தைத் துணியில் சுற்றி அண்ணன் கையில் கொடுத்தான். அவர் பற்களைத் தடவிப் பார்த்து, "மச்சானையும் நாளைக்கழிச்சு வரச் சொல்லுதேன்" என்றார். அது அவன் காதில் விழவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் ஷட்டர் இறங்கியது. ஒரு பைக் ஸ்டார்ட் ஆகியது.

"ஏலே செந்திலு, எங்கலே போற?"

பைக் மையத்துப் பக்கம் திரும்புகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஏளா ஜெனிலா!" என்று கத்தினான் ஜாபேஸ், மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "என் பைக் சாவிய எங்கன வச்ச?"